மொட்டைக் கடிதமும் பெயரற்ற விளம்பரமும்

கையொப்பமில்லாமல் வரும் கடிதத்தை நம் முன்னோர் 'மொட்டைக் கடிதம்' என்று அழைத்தனர். அத்தகைய கடிதம் வீட்டிற்கு வந்தால் பெரியவர்கள் அதன் அடியைப் பார்ப்பார்கள். பெயர் இல்லையென்று கண்டதும் கிழித்து அடுப்பில் இட்டுவிடுவார்கள். எழுதியது மெய்யா பொய்யா என்ற ஆராய்ச்சிக்கே இடங்கொடுப்பதில்லை. பெயரைச் சொல்லத் துணியாதவன் பேச்சைக் கேட்பானேன் என்பது அவர்களுடைய தீர்ப்பு.

இன்று அந்த மொட்டைக் கடிதம் புதிய உருவெடுத்து நம் இல்லங்களுக்குள் நுழைந்திருக்கின்றது. தேர்தல் காலத்தில் நம் கைப்பேசியில் ஒரு தலைவரைப் போற்றியும் மற்றொருவரைத் தூற்றியும் விளம்பரங்கள் வந்து குவிகின்றன. அவற்றுள் சில கட்சிகளின் பெயரிலேயே வருபவை. அவற்றைப் பற்றி நமக்கு வழக்கில்லை. யாரோ ஒருவர் பணங்கொடுத்து, தம் முகத்தை மறைத்துக்கொண்டு அனுப்பும் விளம்பரங்களைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறோம்.

சுவரொட்டிக்கு உள்ள கட்டுப்பாடு

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127-ஏ என்றொரு பிரிவு உண்டு. 1961-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. தேர்தல் பற்றிய துண்டறிக்கையாயினும் சுவரொட்டியாயினும், அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் முகவரிகளோடு அதன் முகப்பிலே இருத்தல் வேண்டும். வெளியிடுபவர் தாம் இன்னார் என்று எழுதிக் கையொப்பமிட்டு, தம்மை நேரில் அறிந்த இருவரின் சான்றொப்பமும் பெற்று அச்சகத்தாரிடம் கொடுக்க வேண்டும். அச்சகத்தார் அதனோடு அச்சிட்ட தாளின் பிரதி ஒன்றையும் தேர்தல் அதிகாரிக்கோ மாவட்ட மாஜிஸ்டிரேட்டுக்கோ அனுப்பவேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒரு முழத் தாளுக்கு இத்தனைக் கட்டுப்பாடு! பேசுபவன் யார் என்று தெரிந்தாலன்றிப் பேச்சின் தரத்தை எடைபோட இயலாது என்பதை அச்சட்டம் இயற்றியவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

சுவரொட்டியை ஊரார் அனைவரும் காண்பார்கள். அதில் பொய் இருந்தால் எதிர்க்கட்சியினர் மறுநாளே மறுப்பு ஒட்டுவார்கள். கைப்பேசி விளம்பரமோ ஆள் பார்த்து வருவது. வயது, ஆண் பெண் என்னும் பிரிவு, வசிக்கும் ஊர், விருப்பங்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டு இன்னாருக்கு இன்ன விளம்பரம் என்று அனுப்புகிறார்கள். தில்லியிலோ மும்பையிலோ வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தந்தையின் கைப்பேசியில் வருவது ஒன்று. கல்லூரி செல்லும் மகளின் கைப்பேசியில் வருவது வேறொன்று. ஒரே கூரையின்கீழ் இருந்தும் ஒருவர் கண்டதை மற்றவர் காண்பதில்லை. காணாததற்கு மறுப்புக் கூறுவார் யார்?

திரை சற்றே விலகிய நாட்கள்

இந்திய அரசியல் விளம்பரங்களைப் பொதுமக்கள் பார்வையிடத்தக்க ஏடு ஒன்றினை பேஸ்புக் நிறுவனம் 2019 பிப்ரவரியில் திறந்தது. விளம்பரம் கொடுப்பவர் தம் அடையாளத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்றும், பணம் செலுத்தியவர் பெயரை விளம்பரத்தின் தலைப்பில் காட்டவேண்டும் என்றும் விதித்தது. ஆயினும் அங்கே காணும் பெயர் பல வேளைகளில் பேஸ்புக் பக்கத்தின் பெயராகவே இருக்கின்றது. 'இன்ன பக்கத்தின் விளம்பரத்திற்கு அந்தப் பக்கமே பணம் கொடுத்தது' என்றால் நாம் அறிந்துகொண்டது யாது?

அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளன்று, பொதுத் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, பேஸ்புக் நிறுவனம் இரு தொகுதிக் கணக்குகளை நீக்கியது. முதலாவது, காங்கிரஸ் கட்சியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவைச் சார்ந்த தனிமனிதர்களோடு தொடர்புடைய 687 பக்கங்களும் கணக்குகளும். இவை விளம்பரத்திற்குச் செலவிட்டது ஏறக்குறைய 39,000 டாலர். இரண்டாவது, இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றோடு தொடர்புடைய 15 பக்கங்களும் கணக்குகளும். ஆளும் பாரதீய ஜனதா கட்சியைப் பற்றியும் எதிர்க்கட்சியினர் மீதான குற்றச்சாட்டுகளைப் பற்றியும் எழுதிவந்த இவற்றுக்கு 26 லட்சம் பேர் வாசகராயிருந்தனர்; விளம்பரச் செலவு ஏறக்குறைய 70,000 டாலர். தம்மைப் பற்றிய உண்மையை மறைத்தமையே இரு தரப்பினரும் செய்த பிழை.

பின்னர் 2022-இல் 'ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ்' என்னும் பத்திரிகையாளர் குழுவினர், பேஸ்புக்கின் அந்த ஏட்டிலிருந்த ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்ட விளம்பரங்களை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டனர். ஆளுங்கட்சிக்குச் சாதகமாக, கட்சியின் பெயரின்றி, குறைந்தது 23 விளம்பரதாரர்கள் 5 கோடியே 80 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிட்டிருந்தனர் என்று அவர்கள் கண்டனர். காங்கிரஸுக்குச் சாதகமாகவும் அத்தகையோர் இருந்தனர். அத்தொகை மிகச் சிறியது.

ஓட்டை எங்கே?

மக்களவை வேட்பாளர் ஒருவர் பெரிய மாநிலங்களில் 95 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது என்பது 2022-இல் வகுத்த விதி. கட்சிகள் செய்யும் பொதுப் பிரசாரத்திற்கோ வரம்பே இல்லை. சமூக ஊடக விளம்பரங்களுக்கு முன்அனுமதி பெறவேண்டும், செலவைக் கணக்கில் காட்டவேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2013 அக்டோபரில் ஆணையிட்டது. ஆனால் அவ்வாணை வேட்பாளரையும் கட்சியையுமே கட்டுப்படுத்துவது. மூன்றாவது மனிதர் தாமாக முன்வந்து செலவிடுவதுபோல் தோன்றினால், அச்செலவு எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. வேட்பாளரின் எழுத்துப்பூர்வமான இசைவின்றி அவருக்காக விளம்பரச் செலவு செய்தல் குற்றமே. ஆயினும் பாரதீய நியாய சம்ஹிதையின்படி அதற்குரிய தண்டனை 10,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதம். கோடிகளைக் கொட்டுபவருக்கு இது ஒரு பொருட்டா?

ஊற்றுக்கண்ணிலும் இருள்

விளம்பரம் வாய்க்கால் என்றால் நன்கொடை அதன் ஊற்றுக்கண். அங்கும் இருள் சூழ்ந்திருந்த வரலாற்றை நாம் மறத்தலாகாது. தேர்தல் பத்திரத் திட்டம் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 1,000 ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை மதிப்புள்ள பத்திரங்களை ஸ்டேட் வங்கியில் வாங்கித் தகுதிபெற்ற கட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்றிருந்தது. கொடுத்தவர் பெயரை மக்கள் அறிய வழியில்லை. இலாபத்தில் இத்தனைப் பங்குக்கு மேல் கம்பெனிகள் நன்கொடை தரலாகாது என்றிருந்த பழைய வரம்பும் அதற்கு முன்னரே, 2017-இல், நீக்கப்பட்டிருந்தது. ஆறாண்டுகளில் விற்ற பத்திரங்களின் மதிப்பு 16,518 கோடி ரூபாய்.

இத்திட்டம் அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக 2024 பிப்ரவரி 15 அன்று தீர்ப்பளித்தனர். கட்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகின்றது என்பதை அறிவது வாக்காளரின் உரிமை என்பது அத்தீர்ப்பின் சாரம். விவரங்களை வெளியிட ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்றது வங்கி, நீதிமன்றம் மறுத்தது. மார்ச் மாதத்திற்குள்ளாகவே பெயர்கள் வெளிவந்தன. மூன்றரை மாதம் தேவை என்று கூறப்பட்ட வேலை சில நாட்களில் முடிந்தது!

அத்துடன் இருள் முற்றும் நீங்கிவிடவில்லை. 20,000 ரூபாய்க்கு உட்பட்ட நன்கொடையாளரின் பெயரைக் கட்சிகள் தெரிவிக்கவேண்டியதில்லை.

மறைவு யாருக்குத் தேவை?

நன்கொடையாளர் பெயர் வெளிப்பட்டால், மாற்றுக் கட்சியினர் அவரைப் பழிவாங்கக்கூடும் என்பர் சிலர். வாக்கினை இரகசியமாக வைத்திருக்கும்போது பணத்தை ஏன் வைக்கலாகாது என்றும் கேட்பர். இக்கேள்வியைப் புறக்கணிக்க இயலாது. சிறு தொகை கொடுக்கும் சாமானியருக்கு அச்சம் இருத்தல் இயல்பே. ஆனால் வாக்கு ஒருவருக்கு ஒன்றுதான்; செல்வருக்கும் ஏழைக்கும் அதன் எடை ஒன்றே. பணமோ அவ்வாறன்று. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. கோடி ரூபாய் கொடுத்தவர் யார் என்பதைக் கட்சி நன்றாகவே நினைவில் வைத்திருக்கும். அறியாதவர்கள் நாம் மட்டுமே.

நாம் செய்யத்தக்கது

சட்டம் திருந்தும் வரை வாளாவிருத்தல் வேண்டா. விளம்பரம் வந்தவுடன், அதன் தலைப்பில் பணம் செலுத்தியவர் பெயர் உள்ளதா என்று பாருங்கள். பேஸ்புக்கின் விளம்பர ஏட்டையும் கூகிள் நிறுவனத்தின் அத்தகைய ஏட்டையும் எவரும் கட்டணமின்றிப் பார்வையிடலாம். பக்கத்தின் பெயரை இட்டுத் தேடினால், அது முன்பு என்னென்ன விளம்பரங்களை எவ்வளவு செலவில் வெளியிட்டது என்பது தெரியும். தேர்தல் விதிமீறல் என்று தோன்றினால், தேர்தல் ஆணையத்தின் 'சி-விஜில்' செயலியில் படத்தோடு முறையிடலாம்.

எல்லாவற்றினும் எளிய வழி ஒன்றுண்டு. நம்மிற் பலர் ஊர்ச் செய்தி அறியும் ஆவலில், பிறந்த மாநிலத்து அரசியல் செய்திகளை ஆராயாமல் உறவினர் குழுக்களுக்கு அனுப்பிவிடுகின்றோம். அனுப்புமுன் ஒரு கணம் நின்று, 'இதனைச் சொல்பவர் யார்? இதற்குக் காசு கொடுத்தவர் யார்?' என்று கேளுங்கள். விடை கிடைக்காவிடில் அச்செய்தி உங்கள் கைப்பேசியோடு நிற்கட்டும். மொட்டைக் கடிதத்தை நம் பெரியவர்கள் அடுத்த வீட்டாருக்குப் படித்துக் காட்டியதில்லை.