இரும்புக்கையும் நிழற்படையும்

தாம்பரத்திற்கும் கடற்கரை நிலையத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின், அந்த ரயிலில் பள்ளிக்குச் சென்ற எங்களுக்குத் தலைக்கு மேலே ஓடும் கம்பியைக் கண்டால் ஓர் எண்ணமே தோன்றும். அதைத் தொட்டால் உடல் மறைந்துவிடுமா? நல்லவேளை, ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. இந்த விபரீத ஆசையை எங்கள் உள்ளத்தில் விதைத்தவர் இரும்புக்கை மாயாவி.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் அவரைத் தமிழில் பேசவைத்தது. பிறந்த இடம் இங்கிலாந்து. ‘வேலியன்ட்’ என்னும் வார இதழில் 1962-இல் கென் பல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த கதை அது. லூயிஸ் கிராண்டல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலக்கையை இழந்து, எஃகினால் ஆன கையைப் பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்ததும் அவன் உடல் கண்ணுக்குப் புலனாகாமற் போய்விடுகிறது. எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. சற்று நேரத்தில் உருவம் திரும்பிவிடும். மறுபடி மறைய மறுபடி மின்சாரம் வேண்டும்.

இந்த ஆற்றல் கிடைத்ததும் அவன் செய்த முதற்காரியம் என்ன? நற்பணியன்று, திருட்டு! உளவாளியாகவே அவரை அறிந்திருந்த நான், இதைப் பின்னர்த் தெரிந்துகொண்டபோது திடுக்கிட்டேன். குற்றவாளியாகத் தொடங்கியவனைத்தான் பிற்பாடு ‘ஷாடோ ஸ்குவாட்’ என்ற இரகசிய அமைப்பு தன்னுடன் சேர்த்துக்கொள்கிறது. நிழற்படை என்று நாம் சொல்லலாம். செய்த வேலைக்கு மாலை மரியாதை கிடையாது. பெயர் வெளியே வராது.

இவ்வகையில் மாயாவி தனியர் அல்லர். ‘லயன்’ இதழில் 1965-இல் தோன்றிய ஸ்பைடர், குற்றவுலகின் மன்னனாக வேண்டும் என்றே புறப்பட்டவன். பிறகுதான் குற்றவாளிகளுக்கே எமனானான். அவன் கதைகள் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938-இல் வெளிவந்த, மாசுமறுவற்ற சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவர்! அதே பேனா இந்தப் போக்கிரியையும் எழுதியது எனக்கு இன்றும் வியப்பே. 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வாயிலாக ஸ்பைடரும் தமிழ்ச் சிறுவர்களிடம் வந்து சேர்ந்தான்.

“திருடனைக் கதாநாயகனாக்கும் புத்தகம் வீட்டிற்குள் வரக்கூடாது” என்பார் என் தந்தையார். அவர் அச்சம் பொருளற்றதன்று. ஆனால் படத்தை அவர் உற்றுப் பார்க்கவில்லை என்பேன். உடல் முழுதும் மறைந்தாலும் கை மறைவதில்லை. பூட்டைத் திறந்த கையும், பின்னர் எதிரியைத் தடுத்த கையும் ஒன்றே. அதை அவனால் ஒளிக்க முடியாது. ஓவியர் கட்டத்திற்குக் கட்டம் அந்தக் கையையே கருநிழலுக்கிடையில் மின்ன விடுகிறார்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாடகை நூல் நிலையம் இருந்தது. வாடகைக்குக் காசில்லாத ஒரு நாள், மாயாவி புத்தகம் ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நழுவினேன். இரவெல்லாம் படித்தேன், உறக்கம் வரவில்லை. மறுநாள் அதைத் திருட்டுத்தனமாகவே அடுக்கில் வைக்கப் போனபோது, கடைக்காரர் என் மணிக்கட்டைப் பற்றினார்.

“நேற்றே பார்த்தேன், தம்பி. அப்பாவிடம் சொல்லவா?”

நான் வாய் திறக்கவில்லை.

“நாளை முதல் பள்ளி விட்டதும் இங்கே வா. கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை ஒட்ட ஆள் வேண்டும்.”

மறுநாள் சென்றேன். பசைக் கிண்ணத்தை என்முன் வைத்துவிட்டு அவர் தேநீர் அருந்தப் போய்விட்டார். கடையில் வேறு எவரும் இல்லை. கல்லாப்பெட்டி பூட்டப்படாமல் இருந்தது.