பதக்கமும் பணியும்



எங்கள் பாடசாலை மாணவன் ஒருவன் ஒரு நாட் காலையில் கைக்குட்டையில் முடிந்த ஒரு பொருளை என் மேசைமேல் வைத்து அவிழ்த்தான். பெல்மதுளைப் பக்கத்திலே ஒரு பிள்ளை இவ்வாறு முடிச்சை அவிழ்த்தால், உள்ளே இருப்பது மாணிக்கக்கல்லோ என்றுதான் முதலில் எண்ணத் தோன்றும். ஆனால் இருந்ததோ வெள்ளிநிறமான வட்டப் பதக்கம் ஒன்று. ஒரு புறத்தில் முடிசூடிய ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை; மறுபுறத்தில் இருதலை டிராகன் ஒன்றை மிதித்து நிற்கும் சிங்கம்; அதனோடு 1939, 1945 என்னும் ஆண்டுகள். அந்தச் சிங்கம் நம் நாட்டுக் கொடியிலுள்ள சிங்கம் என்றே அவன் எண்ணியிருந்தான். பாட்டியின் தகரப் பெட்டிக்குள் கிடந்ததாம். பாட்டியின் தகப்பனார் யுத்த காலத்தில் திருகோணமலையில் இருந்த படைமுகாமொன்றில் சமையற்காரராகப் பணிபுரிந்தவராம்.

“அப்படியானால் அவர் யாரையும் சுடவில்லையா, சேர்? சமையல் செய்ததற்கா பதக்கம் கொடுத்தார்கள்?” என்று அவன் கேட்டான். அவன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. அந்த ஏமாற்றம் அவனுக்கு மாத்திரம் உரியதன்று. பதக்கம் என்றதும் நம்மிற் பலரும் துப்பாக்கியையும் குருதியையுமே நினைக்கின்றோம். ஆகவே, இராணுவப் பதக்கங்கள் எவை, அவை எதற்காக வழங்கப்படுகின்றன என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

இராணுவப் பதக்கங்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் விளக்கம் எளிதாகும். முதலாவது வகை வீரத்திற்கானது. உயிரையும் பொருட்படுத்தாது ஒருவர் ஆற்றிய ஒரு செயலுக்காக அது வழங்கப்படுகின்றது. பிரித்தானியாவில் 1856இல் ஏற்படுத்தப்பட்ட விக்டோரியாச் சிலுவை, இந்தியாவில் 1950இல் ஏற்படுத்தப்பட்ட பரம வீர சக்கரம், இலங்கையின் பரம வீர விபூஷண ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது வகை, ஒரு யுத்தத்தில் அல்லது ஒரு படையெடுப்பில் பங்குகொண்டவர் அனைவர்க்கும் பொதுவாக வழங்கப்படுவது. மாணவன் கொண்டுவந்தது இவ்வகைப் பதக்கமே. 1939ஆம் ஆண்டுக்கும் 1945ஆம் ஆண்டுக்கும் இடையில் குறைந்தது 28 நாட்கள் முழுநேரப் படைச்சேவை புரிந்தவர்களுக்கு அந்த யுத்தப் பதக்கம் உரியதாயிற்று. மூன்றாவது வகை பாராட்டத்தக்க சேவைக்கும் சாதனைக்கும் உரியது. போர்க்களத்தில் ஒரு கணத்திற் புரிந்த செயலைப் போற்றுவதன்று அது. நாளும் பொழுதும் தவறாது ஆற்றிய பணியைப் போற்றுவது.

இம்மூன்றாவது வகைதான் வரலாற்றிற் பிந்தித் தோன்றியது. போர்மறவரைச் சிறப்பிக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. வேந்தன் தன் வீரனுக்கு அளிக்கும் சிறப்பினை மாராயம் என்று தொல்காப்பியம் குறிப்பிடுகின்றது. படைத்தலைவனுக்கு ஏனாதிப் பட்டமும் மோதிரமும் வழங்கப்பட்டன. போரில் மாண்டவனுக்கு நடுகல் எழுந்தது. அவன் குடும்பத்தார்க்கு உதிரப்பட்டி என்னும் பெயரால் நிலம் விடப்பட்டமையைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. எனினும் இவை யாவும் வென்ற தலைவனுக்கோ வீழ்ந்த மறவனுக்கோ உரியவை. படைக்கு நெல் சுமந்தவனையும் குதிரைக்குப் புல் அறுத்தவனையும் சிறப்பிக்கும் கல் அரிது.

மேல்நாட்டிலும் நிலைமை நெடுங்காலம் இவ்வாறே இருந்தது. பரிசும் பட்டமும் தளபதிகளைச் சென்றடைந்தன. சிப்பாய்க்குக் கூலிமட்டுமே கிடைத்தது. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1782இல், ஜோர்ஜ் வாஷிங்டன் சாதாரண சிப்பாய்களுக்கென ஊதாநிறத் துணியாலான இதய வடிவச் சின்னமொன்றை ஏற்படுத்தினார். அசாதாரண வீரத்துக்கு மாத்திரமன்றி, நம்பிக்கைக்குரிய சேவைக்கும் அது உரியது என அவர் விதித்தமை குறிப்பிடத்தக்கது. 1815இல் நிகழ்ந்த வாட்டர்லூப் போரின் பின்னர் பிரித்தானிய அரசு, களத்தில் நின்ற தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே விதமான வெள்ளிப் பதக்கத்தை வழங்கி, அவரவர் பெயரை அதன் விளிம்பிலே பொறித்தது. 1830இல் நீண்ட சேவைக்கும் நன்னடத்தைக்குமான பதக்கம் வந்தது. 1845இல் சார்ஜன்ட் தரத்தினர்க்கெனப் பாராட்டத்தக்க சேவைப் பதக்கம் வந்தது. அதனோடு வருடாந்தக் கொடுப்பனவு ஒன்றும் சேர்ந்திருந்தது. ஆகவே, அந்தப் பதக்கம் மார்பை அலங்கரித்ததோடு அடுப்பையும் எரிய வைத்தது எனலாம்.

சேவையைப் பாராட்டுவதற்கு அரசுகள் ஏன் இவ்வளவு அக்கறை கொண்டன என்னும் வினா எழலாம். ஒரு படை போரிடும் நாட்கள் சில. உழைக்கும் நாட்கள் பல. உணவு வந்து சேராவிடின் எந்தச் சூரனும் மூன்று நாளைக்கு மேல் நிற்கமாட்டான். பாதை அமைப்போர், வாகனம் ஓட்டுவோர், பண்டசாலை காப்போர், காயத்துக்கு மருந்திடுவோர், செய்தி அனுப்புவோர் ஆகியோர் தத்தம் கடமையைச் செம்மையாகச் செய்வதனாலேயே முன்னணியில் நிற்பவன் துப்பாக்கியைத் தூக்க முடிகின்றது. இவர்களுடைய பணியில் தவறு நேர்ந்தால் மாத்திரமே அது எல்லோர் கண்ணிலும் படும். சரியாக நடந்தால் எவரும் கவனிப்பதில்லை. கவனிக்கப்படாத அந்தச் செம்மையைக் கவனித்தோம் என்று சொல்வதே சேவைப் பதக்கத்தின் பொருள்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வெண்ணம் மேலும் விரிவடைந்தது. அமெரிக்கத் தரைப்படை 1945இல் பாராட்டுச் சின்னமொன்றை ஏற்படுத்தியது. முதலில் வெறும் நாடாவாக இருந்த அது பின்னர் பதக்கமாயிற்று. 1981இல் சாதனைப் பதக்கம் என ஒன்றையும் அப்படை சேர்த்துக்கொண்டது. அது கேணல் தரத்துக்குக் கீழ்ப்பட்டோர்க்கே உரியது. இளம் சிப்பாய்களின் நற்பணி மேலிடத்தின் கண்ணில் பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். இந்தியாவில் 1960இல் விசிஷ்ட சேவா பதக்கம் மூன்று வகுப்புகளாக ஏற்படுத்தப்பட்டது. 1967இல் அவ்வகுப்புகள் பரம விசிஷ்ட, அதி விசிஷ்ட, விசிஷ்ட எனப் பெயர் பெற்றன. நம் நாட்டில், இருபத்தைந்து ஆண்டுகள் மாசற்ற சேவை புரிந்த மூத்த உத்தியோகத்தர்க்கு விசிஷ்ட சேவா விபூஷணவும், பதினைந்து ஆண்டுகள் நன்னடத்தையோடு சேவை புரிந்த எல்லாத் தரத்தினர்க்கும் உத்தம சேவா பதக்கமும் வழங்கப்படுகின்றன.

இத்தகைய பதக்கம் எவ்வாறு ஒருவரைச் சென்றடைகின்றது? அதைக் கேட்டுப் பெறுதல் மரபன்று. ஒருவருடைய பணியை அருகிலிருந்து கண்ட அதிகாரி, அவர் இன்னது செய்தார், இக்காலத்திற் செய்தார், அதனால் இன்ன பயன் விளைந்தது என்று சிபார்சு எழுதுதல் வேண்டும். நல்லவர், வல்லவர் என்று பொதுப்பட எழுதினாற் போதாது. மாணவர்க்கு நற்சான்றிதழ் எழுதும் எம்போன்றோரும் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். மேலதிகாரிகள் அச்சிபார்சைப் பரிசீலித்து ஏற்ற பின்னரே பதக்கம் அணிவிக்கப்படுகின்றது. முழுச் சீருடை அணியும் வைபவங்களிற் பதக்கத்தையும், ஏனைய நாட்களில் அதன் நாடாவை மாத்திரமும் இடப்பக்க மார்பில் அணிவர். உயர்ந்தது மார்பின் நடுப்பகுதிக்கு அண்மையில் இருக்கும். ஆகவே, அறிந்தவர் ஒருவர் அந்த நாடாக்களைப் பார்த்த அளவிலே அவருடைய வாழ்க்கை வரலாற்றை வாசித்துவிடுவார்.

இங்கே ஓர் ஐயம் தோன்றலாம். சேவை வேறு, வீரம் வேறு, வீரமன்றோ பெரிது? இதற்கு விடையாகத் தமிழர் ஒருவரின் கதையைக் கூற விரும்புகின்றேன். காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூரொன்றிற் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சப்பர்ஸ் எனப்படும் பொறியியற் படையிற் பணிபுரிந்தவர். நிலத்திற் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளை அகற்றிப் பிறர்க்கு வழி செய்வது அப்படையினரின் பணிகளுள் ஒன்று. 1944இல் இத்தாலியின் மிக்னானோ என்னுமிடத்தில் அவருடைய குழு அவ்வேலையில் ஈடுபட்டிருந்தபோது, மிதிபட்ட கண்ணிவெடி ஒன்று தூண்டப்பட்டது. அவ்வகை வெடி முதலில் மெல்லிய ஓசை எழுப்பும். சில விநாடிகளின் பின்னரே மேலெழுந்து வெடித்து, சுற்றிலும் உள்ளோரைச் சிதைக்கும். அந்தச் சில விநாடிகளுக்குள் அவர் அதன்மேல் வீழ்ந்து தம் உடலால் அதை மூடினார். உடனிருந்தோர் பிழைத்தனர், அவர் மாண்டார். அவருக்கு ஜோர்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. அதை அவருடைய மனைவி பெற்றுக்கொண்டார்.

உலகம் போற்றியது அந்தச் சில விநாடிகளை. ஆனால் அந்த மெல்லிய ஓசையின் பொருளை அவர் எவ்வாறு அறிந்தார்? ஆண்டுக்கணக்காகச் செய்த பணியினால் அறிந்தார். அறியாத ஒருவர் அத்துணைத் தியாக உள்ளம் படைத்தவராயினும், என்ன நிகழ்கின்றதென்று உணருமுன்பே காலம் கடந்திருக்கும். ஆகவே சேவை என்பது வீரத்திற்குத் தாழ்ந்ததன்று. வீரத்தைத் தாங்கும் நிலம் அதுவே.

பதக்க முறையில் குறைகளும் உள. தரம் பார்த்து வழங்குதல் ஒன்று. ஒரே விதமான வீரத்துக்கு உத்தியோகத்தர்க்குச் சிலுவையும் சிப்பாய்க்குப் பதக்கமுமாகப் பிரித்து வழங்கிய வழக்கத்தைப் பிரித்தானியா 1993இலேதான் கைவிட்டது. அளவிறந்து வழங்குதல் மற்றொன்று. எல்லோர்க்கும் எல்லாம் கிடைக்குமாயின் எதற்கும் மதிப்பிராது. இவற்றினும் பெரிய குறை, சீருடை அணியாதோர் ஆற்றிய சேவை கணக்கில் வராமையாகும்.

சப்பிரகமுவ மக்களாகிய நாம் இதனை எளிதில் உணரலாம். 1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமாயின. உலகின் இயற்கை இறப்பரிற் பத்தில் ஒன்பது பங்களவு நேச நாடுகளின் கைவிட்டுப் போயிற்று. எஞ்சியிருந்த முக்கிய ஊற்று இலங்கை. விமானச் சில்லுக்கும் இராணுவ வாகனங்களின் ரயருக்கும் இறப்பர் வேண்டும். மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை, இயன்றமட்டும் பாலை எடுங்கள் என்னும் கட்டளை தோட்டங்களுக்கு வந்தது. விடியுமுன் பிரட்டுக்களத்திற் பேர் கொடுத்து, கத்தியும் வாளியுமாக மலையேறி, மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டியவர்கள் நம்முடைய பாட்டன் பாட்டிமார். அவர்களுக்கு யுத்தப் பதக்கம் இல்லை. பதக்க விதிகளில் பால் வெட்டுபவர்க்கு இடமிருக்கவில்லை. யுத்தம் முடிந்து மூன்று ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்நிலை முற்றாக நீங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

பிரித்தானியாவில் அதே யுத்தகாலத்தில், படைக்குப் பதிலாக நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்ட இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் அன்று பதக்கம் இல்லை. ஆனால் 2008இல், முதுமையெய்தி எஞ்சியிருந்தவர்களை அழைத்து, அந்நாட்டு அரசு ஒரு சின்னம் அணிவித்தது. அறுபது ஆண்டுகள் தாமதமாயினும், உங்கள் உழைப்பும் யுத்த சேவையே என்று ஒரு நாடு வாய்திறந்து கூறியது. நம் பால் வெட்டியவர்களுக்கு அவ்வாறு கூறுவதற்குரிய காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. அவர்களுடைய பெயர்களை எழுதி வைப்பதற்குரிய காலம் இன்னும் கடந்துவிடவில்லை.

இவற்றையெல்லாம் என் மாணவனுக்கு அன்று முழுதும் கூற இயலவில்லை. ஒன்றுமட்டும் கூறினேன். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி திருகோணமலைமீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின; அன்றைக்கும் அந்த முகாமிலே யாரோ அடுப்பு மூட்டியிருப்பார்கள், யாரோ சோறு வடித்திருப்பார்கள் என்றேன். அவன் பேசாமல் நின்றான். பிறகு, “பாட்டியிடம் அவருடைய முழுப்பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன், சேர்” என்று சொல்லிப் பதக்கத்தை மீண்டும் கைக்குட்டையில் முடிந்துகொண்டான்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் இத்தகைய வட்டத் தகடு ஒன்று கிடக்கக்கூடும். புளியிட்டு மினுக்கி அதன் உருவத்தைத் தேய்த்துவிடாதீர்கள். பழைய உலோகம் வாங்குபவனிடம் சில ரூபாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதன் உலோகத்துக்குப் பெரு மதிப்பில்லை. யாருடையது, எங்கே, என்ன பணி செய்தார் என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். பெட்டிக்குள் பதக்கம் இல்லாத வீட்டாரும் அந்தத் தாளை எழுதலாம். பால் வெட்டிய பாட்டனார் பெயரும், கொழுந்து பறித்த பாட்டியார் பெயரும், அவர்கள் பேர் கொடுத்த தோட்டத்தின் பெயரும் அதில் இருக்கட்டும்.