நிலுவைக் கட்டணமும் இணைத்த வங்கிக் கணக்கும்: இணையச் சந்தை விற்பனையாளர் அறிய வேண்டியவை

இணையச் சந்தைகளில் பொருள் விற்கும் சிறு வணிகர்கள் வங்கிக் கிளைகளில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று இது: “விற்பனைக் கட்டண நிலுவை என்று சொல்லி நிறுவனம் என் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொண்டது. என்னைக் கேட்காமல் வங்கி எப்படிக் கொடுத்தது?” இக்கேள்வியில் உள்ள வருத்தம் இயல்பானதே. வீட்டுக் கடன் தவணைக்கென்றோ பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கென்றோ வைத்திருந்த தொகை, வணிக நிலுவைக்குப் போய்விட்டால் குடும்பக் கணக்கே தடுமாறிவிடும்.

ஆயினும், பெரும்பாலான நேர்வுகளில் அந்தப் பணம் அனுமதியின்றி எடுக்கப்பட்டதாக இருப்பதில்லை. விற்பனையாளராகப் பதிவு செய்த நாளில் தந்த ஓர் அனுமதி, பல மாதங்கள் கழித்துச் செயலுக்கு வந்திருக்கும். அந்த அனுமதி எத்தகையது, அதன் எல்லை எது, அதை எவ்வாறு திரும்பப் பெறுவது என்பவற்றை அறிந்துகொள்வதே இத்தகைய இடர்ப்பாட்டைத் தவிர்க்கும் வழி.

நிலுவை உருவாகும் விதம்

விற்றால் வரவுதானே, நிலுவை எங்கிருந்து வரும் என்று தோன்றலாம். இணையச் சந்தையில் விற்பனையாளர் செலுத்த வேண்டியவை பல: விற்பனைத் தரகு, அனுப்புகைக் கட்டணம், திரும்பி வரும் சரக்குக்கான கட்டணம், கிடங்கு வாடகை, விளம்பரக் கட்டணம். இவற்றின் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. இவற்றுள் தரகும் அனுப்புகையும் விற்பனையைச் சார்ந்தவை. விளம்பரமும் கிடங்கு வாடகையும் விற்பனை நின்றாலும் தொடர்பவை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சூரத்திலிருந்து சேலைகளைத் தருவித்து இணையத்தில் விற்கும் ஒரு குடும்பம், தீபாவளி முடிந்தபின் வரும் ஒரு கணக்குக் காலத்தில் ரூ.900 விலையில் 12 சேலைகளை விற்கிறது. வரவு ரூ.10,800. அதே காலத்தில், பண்டிகை நாள்களில் விற்ற 6 சேலைகள் திரும்பி வருகின்றன. வாங்கியவர்களுக்குத் திருப்பித் தர வேண்டியது ரூ.5,400. தரகு ரூ.1,080, அனுப்புகை ரூ.840, திரும்பிய சரக்குக் கட்டணம் ரூ.660, விளம்பரம் ரூ.2,500, கிடங்கு வாடகை ரூ.1,200 எனக் கட்டணங்கள் ரூ.6,280 ஆகின்றன. வரி ரூ.1,130.40 சேர்ந்தால் ரூ.7,410.40. வேறு வரிப் பிடித்தங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், 12 சேலைகளை விற்ற குடும்பம் நிறுவனத்துக்கு ரூ.2,010.40 தர வேண்டியதாகிறது. விற்பனையாளர் பக்கத்தில் கழித்தல் குறியுடன் தோன்றும் இருப்பு இதுவே. அடுத்த காலத்திலும் விற்பனை மந்தமானால் இத்தொகை வளரும்.

நிறுவனம் பணம் பெறும் மூன்று வழிகள்

முதலாவது, விற்பனைத் தொகையிலிருந்து கழித்துக்கொள்வது. வாங்குபவர் செலுத்தும் பணம் நேரே விற்பனையாளர் கணக்குக்கு வருவதில்லை. இடையில் ஒரு வங்கியிலுள்ள எஸ்க்ரோ கணக்கில் நிற்கிறது. பணப்பரிமாற்ற ஒருங்கிணைப்பாளர்களுக்காக 2020 மார்ச் 17 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல்கள், அக்கணக்கிலிருந்து எவற்றுக்கெல்லாம் பணம் எடுக்கலாம் என்று வரையறுத்தன. முன்கூட்டி நிர்ணயித்த விகிதத்திலான தரகு அவற்றுள் ஒன்று. ஆகவே கட்டணம் போக மீதியே நம் கணக்கை வந்தடைகிறது. இவ்வழியில் நம் வங்கி இருப்பிலிருந்து எதுவும் எடுக்கப்படுவதில்லை. வர வேண்டியது குறைந்து வருகிறது, அவ்வளவே.

இரண்டாவது, வங்கிக் கணக்கின் மீதான தானியங்கிப் பற்று ஆணை. வழக்கில் இதனை ‘மேண்டேட்’ என்கிறோம். தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் நடத்தும் ‘நாச்’ அமைப்பின் வழியாக இது செயல்படுகிறது. கடன் தவணை, காப்பீட்டுத் தவணை ஆகியவை செல்வதும் இவ்வழியில்தான்.

மூன்றாவது, பதிவு செய்து வைத்துள்ள அட்டை அல்லது யு.பி.ஐ. தானியங்கிச் செலுத்தம். இங்கு வாடிக்கையாளருக்குச் சில பாதுகாப்புகள் உள்ளன. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, நிறுவனத்தின் பெயர், தொகை, நாள் ஆகியவற்றுடன் அறிவிப்பு வர வேண்டும். அந்த ஒரு பற்றை மட்டுமோ ஆணை முழுவதையுமோ விலக்கிக்கொள்ளும் வாய்ப்பும் தரப்பட வேண்டும். 2022 ஜூன் முதல் ரூ.15,000 வரையிலான தொடர் பற்றுகளுக்கே ஒவ்வொரு முறையும் கூடுதல் உறுதிப்படுத்தல் தேவையில்லை. 2023 டிசம்பரில் ரூ.1 லட்சம் வரை உயர்த்தப்பட்ட சலுகை பரஸ்பர நிதி, காப்பீடு, கடன் அட்டைக் கட்டணம் ஆகிய மூன்றுக்கே அளிக்கப்பட்டது. விற்பனைக் கட்டணம் அவற்றுள் இடம்பெறவில்லை.

உலக அளவிலும் இந்நடைமுறை இதே வழியில்தான் வளர்ந்தது. 1995இல் தொடங்கிய ஈபே நிறுவனத்தில் வாங்குபவர் பணம் நெடுங்காலம் விற்பனையாளருக்கே நேரடியாகச் சென்றது. எனவே நிறுவனம் பின்னர்ப் பட்டியல் அனுப்பி, விற்பனையாளர் இணைத்துள்ள கணக்கிலிருந்து கட்டணத்தைப் பெற வேண்டியிருந்தது. 2018 முதல் பணத்தைத் தானே பெற்று, கட்டணம் கழித்து மீதியைத் தரும் முறைக்குப் படிப்படியாக மாறியது. கழித்துக்கொள்ளப் போதிய விற்பனை இல்லாதபோதுதான் இணைத்த கணக்கின் மீது நிறுவனத்தின் பார்வை திரும்புகிறது.

கணக்கு எண்ணைத் தருவது அனுமதி ஆகாது

விற்பனைப் பணத்தைப் பெறுவதற்காகக் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் தருகிறோம். சரிபார்ப்புக்காக நிறுவனம் ஒரு ரூபாய் செலுத்திப் பார்ப்பதுண்டு. குறுக்கே கோடிட்டு ரத்து செய்த காசோலையின் படியைக் கேட்பதும் உண்டு. இவையெல்லாம் பணத்தை வரவு வைப்பதற்கு மட்டுமே போதுமானவை. இவற்றைக் கொண்டு கணக்கிலிருந்து பணத்தை எடுக்க இயலாது. எடுப்பதற்குக் கையொப்பமிட்ட படிவமோ, இணைய வங்கி, டெபிட் அட்டை, ஆதார் ஆகியவற்றுள் ஒன்றின் வழியாக உறுதிப்படுத்திய மின் ஆணையோ தேவை.

ஆகவே, பதிவின்போது ‘கணக்கைச் சரிபார்க்க’ என்று வரும் திரையையும் ‘பற்று வைக்க இசைவு’ என்று வரும் திரையையும் வேறுபடுத்திப் படிக்க வேண்டும். ஆணையில் நான்கு விவரங்கள் முதன்மையானவை: உச்ச வரம்புத் தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நாள் வரை, எதற்காக. மாதம் ஒருமுறை என்றில்லாமல் ‘கோரும்போதெல்லாம்’ என்ற வகையைத் தெரிவு செய்தால், பற்று எந்த நாளிலும் வரலாம். உண்மை நிலுவை ரூ.2,000 அளவே இருக்கும் வணிகத்துக்கு ரூ.1 லட்சம் வரம்பு வைப்பது தேவையற்ற இடர்.

வங்கி பார்ப்பதும் பாராததும்

வங்கி தன் வாடிக்கையாளரிடமிருந்து தனக்கு வர வேண்டிய தொகைக்காக, அவருடைய உடைமையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொது உரிமையை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு தருகிறது. அது வங்கிக்கு உரிய நிலுவைக்கான உரிமை. இணையச் சந்தை நிறுவனத்துக்கு நம் வங்கிக் கணக்கின் மீது அத்தகைய உரிமை கிடையாது. அது பணம் எடுக்க வேண்டுமானால் நாம் தந்த ஆணை வேண்டும். ஆணை இல்லையேல், வழக்குத் தொடர்ந்து நீதிமன்றத்தின் வாயிலாகவே கணக்கைப் பற்ற இயலும்.

அதே வேளையில், செல்லத்தக்க ஆணையின்படி கோரிக்கை வந்தால், தொகை வரம்புக்குள் உள்ளதா, காலம் முடியாமல் உள்ளதா, கணக்கில் பணம் உள்ளதா என்பவற்றையே வங்கி பார்க்கும். திரும்பி வந்த சேலைக்குக் கட்டணம் விதித்தது சரியா என்பதை வங்கி ஆராய்வதில்லை. அதற்கான ஆவணங்கள் வங்கியிடம் இருப்பதுமில்லை. கட்டணம் பற்றிய பிணக்கு விற்பனையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடைப்பட்டது.

ஆணையை ரத்து செய்தால்

ஆணையைத் தந்தவர் அதைத் திரும்பப் பெறலாம். கிளையில் விண்ணப்பம் தரலாம். இணைய வங்கியிலோ செயலியிலோ வசதி இருந்தால் அங்கேயும் செய்யலாம். பற்று வரும் நாளுக்குப் போதிய அவகாசம் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். ஆணையின் தனி அடையாள எண்ணைக் குறிப்பிட்டால் பணி எளிதாகும்.

ஆனால் ஆணையை ரத்து செய்வதால் கடன் ரத்தாகிவிடாது. நிறுவனம் விற்பனைப் பக்கத்தை நிறுத்தி வைக்கலாம், வருங்கால விற்பனையில் கழிக்கலாம், சட்ட வழியை நாடலாம். ஆணையை அப்படியே விட்டுவிட்டுக் கணக்கில் பணம் இல்லாமல் வைப்பது அதைவிடக் கேடானது. ஒவ்வொரு முறை பற்று திரும்பும்போதும் வங்கிக் கட்டணம் விழும். மேலும் 2007ஆம் ஆண்டு பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, கடனைத் தீர்ப்பதற்கான மின்னணுப் பற்று பணமின்மையால் திரும்புவது, காசோலை திரும்புவதைப் போன்றே குற்றமாகக் கருதப்படலாம். இரண்டாண்டு வரை சிறையோ, தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அப்பிரிவு இடம் தருகிறது. அறிவிப்புக் கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் தொகையைச் செலுத்திவிட்டால் அந்நிலை எழாது. ஆதலால் அத்தகைய கடிதத்தை ஒருபோதும் புறக்கணிக்கலாகாது.

முறையிட வேண்டிய இடங்கள்

ஆணையே தரவில்லை, அல்லது வரம்பை மீறிப் பணம் எடுக்கப்பட்டது என்றால் உடனே வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் அல்லாத, அங்கீகாரமற்ற மின்னணுப் பரிமாற்றங்களில், தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிக்கும் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று 2017 ஜூலை 6ஆம் நாள் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை வகுத்தது. தாமதம் கூடக் கூட நம் பொறுப்பும் கூடும். வங்கி 30 நாள்களுக்குள் தீர்வு தராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். உதவி எண் 14448.

ஆணை சரியானது, கட்டணம்தான் தவறு என்றால் குறைதீர்ப்பாளரிடம் செல்வதில் பயனில்லை. முதலில் நிறுவனத்தின் விற்பனையாளர் உதவிப் பிரிவில் எழுத்து மூலம் முறையிட்டு, புகார் எண்ணைப் பெற வேண்டும். வணிக நோக்கில் சேவை பெறுவோர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர் ஆகமாட்டார். எனினும் வாங்கிய பொருளைச் சுயதொழில் வழியாகப் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் பயன்படுத்துவோருக்கு அச்சட்டம் விலக்குத் தந்துள்ளது. வீட்டிலிருந்து விற்கும் சிறு வணிகர்கள் இதனைக் கருத்தில் கொள்ளலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைப்பிடிக்கத் தக்கவை

• வணிகத்துக்கெனத் தனி நடப்புக் கணக்கைத் தொடங்கி, இணையச் சந்தையில் அதனையே இணையுங்கள். வீட்டுக் கடன் தவணை செல்லும் சேமிப்புக் கணக்கை இணைக்க வேண்டாம்.

• ஆணையின் வரம்பைக் கடந்த ஆறு மாதங்களின் கட்டண அளவை ஒட்டி அமையுங்கள். முடிவு நாளைக் குறிப்பிடுங்கள்.

• ஒவ்வொரு கணக்குக் காலத்திலும் நிறுவனத்தின் தீர்வுப் பட்டியலையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டணப் பிழை குறித்து முறையிட நிறுவனங்கள் காலக்கெடு வைத்திருக்கும்.

• விற்பனையை நிறுத்துவதாயின் முதலில் விளம்பரத்தை நிறுத்தி, கிடங்கிலுள்ள சரக்கைத் திரும்பப் பெறுங்கள். திரும்பி வரும் சரக்குக்கான காலம் முடிந்து கணக்கு நேரானபின் விற்பனைப் பக்கத்தை மூடி, இறுதியாக ஆணையை ரத்து செய்யுங்கள்.

• உங்கள் கணக்கில் நடப்பிலுள்ள ஆணைகள் எவை என்பதை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கிளையிலோ செயலியிலோ கேட்டறியுங்கள். மறந்துபோன ஆணைகளே பின்னாளில் எதிர்பாராத பற்றுகளாக வந்து நிற்கின்றன.