சோலையும் புல்வெளியும்

நீலகிரியில் ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேல் உருண்டு திரண்ட குன்றுகளைப் புல்வெளி போர்த்திருக்கும். குன்றுகள் கூடும் மடிப்புகளில் மட்டும் கரும்பச்சைக் காடுகள் தனித்தனியே அடங்கியிருக்கும். இவற்றைச் சோலை என்பர்.

மக்கள் மரங்களை வெட்டியதனாலேயே இப்புல்வெளிகள் தோன்றின என்று நானும் பல்லாண்டுகள் கற்பித்து வந்தேன். ஒரு மழைக்காலத்தில் மாணவரைக் கொண்டு, பள்ளிக்கு அருகிலிருந்த புற்சரிவில் சோலை நாவற்கன்றுகள் நாற்பது நட்டேன். மார்கழி முடியுமுன் ஒன்றும் எஞ்சவில்லை. வெந்நீர் பட்டவைபோல் இலைகள் கருகித் தொங்கின. "நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினோமே, ஐயா!" என்றான் ஒரு சிறுவன். அன்று என்னிடம் விடையில்லை.

விடை உறைபனியில் இருக்கிறது. முகிலற்ற குளிர்கால இரவில், திறந்த புல்வெளி தன் வெப்பத்தை வானத்திற்கு இழந்துவிடுகிறது. விடியுமுன் தரை 0 பாகைக்கும் கீழே குளிர்கிறது. சோலைக்குள்ளோ, தழைக்கூரை அவ்வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. ஆகவே கூரையின் கீழ் முளைத்த கன்று பிழைக்கும். பத்தடி வெளியே முளைத்தது மடியும். பள்ளமெல்லாம் சோலையாகும் என்றும் எண்ணிவிடாதீர்கள். கனத்த குளிர்காற்று அகன்ற பள்ளத்தாக்கின் அடியில் தேங்குவதால், அங்கே பெரும்பாலும் சதுப்பும் புல்லுமே காணப்படும்.

பனியையும் தீயையும் தாங்கிப் புல்லின் நடுவே தனித்து நிற்க வல்லது, செந்நிறப் பூப்பூக்கும் காட்டுப் பூவரசு. சோலையின் ஓரத்தில் ஒளி விரும்பும் தவிட்டுப்பழச் செடி போன்றவை வளரும். உள்ளே நிழலும் ஈரமும் வேண்டும் மரங்கள் இருக்கும். இங்கே ஒரு கணக்குப் போடுவோம். வெயிலும் காற்றும் ஓரத்திலிருந்து 50 மீட்டர் உட்புகுவதாகக் கொள்க. பக்கம் 200 மீட்டருள்ள சதுரச் சோலையில் கால்பங்கே உட்காடாக எஞ்சும். பக்கம் 100 மீட்டரானால் உட்காடே இல்லை, முழுவதும் ஓரந்தான். சோலையொன்றைச் சாலை இரண்டாக வெட்டும்போது எவ்வின மரங்கள் முதலில் இடரும் என்பதை நீங்களே கூறிவிடலாம்.

புல்வெளி பழமையானதா? நீலகிரிச் சதுப்புகளில் படிந்த மட்குமண்ணை ஆராய்ந்து, சுகுமாரும் உடனுழைத்தோரும் 1993இல் வெளியிட்ட முடிவு இதனைத் தெளிவாக்கியது. 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்குப் புல் இருந்தது. வறட்சியில் அது பெருகியது. ஈரம் மிகுந்தபோது மரங்கள் பரவின. என் பழைய பாடத்தை நான் திருத்திக்கொள்ள நேர்ந்தது.

ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொணரப்பட்ட சீகை மரமோ, உறைபனியைத் தாங்கிப் புல்வெளிகளைப் பெருமளவு விழுங்கிவிட்டது. ஓய்வு பெற்றபின் அச்சரிவுக்கு ஒருமுறை சென்றேன். எங்கும் சீகை, புல் ஓரிடத்தும் இல்லை. ஆனால் சீகையின் நிழலில், எவரும் நடாத நாவற்கன்றுகள் மூன்று, பனியில் கருகாமல் முழங்காலளவு வளர்ந்திருந்தன.