உளநலக் கிளினிக்கில் என்ன கேட்பார்கள்?

காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக எம்மவர்களுக்குத் தெரியும். வயலில் பாம்பு கடித்தால் நடுச்சாமம் என்றும் பாராமல் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஆனால் மாதக்கணக்காக நித்திரையின்றி இருப்பவரை, வெடிச்சத்தம் போல் ஏதாவது கேட்டால் உடல் நடுங்குபவரை, படலையைப் பார்த்தபடி பேச்சற்று இருப்பவரை எங்கே கூட்டிச் செல்வது? 'மனதுக்குப் பார்க்கும் டொக்டரிடம் போங்கள்' என்று யாராவது சொன்னால் 'எனக்கென்ன விசரா?' என்பதே முதற் பதிலாக வருகிறது. அந்தக் கோபம் ஆறியபின் மெதுவாக இன்னொரு கேள்வி வருகிறது: 'அங்கே போனால் என்ன கேட்பார்கள்? சொன்னால் யாருக்குச் சொல்வார்கள்?'

இந்த இரண்டாவது கேள்விக்கே நாம் இங்கு பதில் தேட விரும்புகிறோம். உதவி கிட்ட இருந்தும் பலர் போகாமல் நிற்பதற்கு இந்தப் பயமே பெரிய காரணம்.

கேள்விகளுக்கு ஏன் அஞ்சுகிறோம்?

வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்கள் கேள்விகளுக்கு அஞ்சுவதில் நியாயம் உண்டு. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் 5ஆம் திகதி, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களுள் 158 பேர் பிரித்தெடுக்கப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. 1991 ஜூன் 12ஆம் திகதி மகிழடித்தீவிலும் அயற்கிராமங்களிலும் நடந்ததைப் படுவான்கரை இன்னும் மறக்கவில்லை. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மற்றும் பல இடங்களிலிருந்தும் சனங்கள் பெயர்ந்தபோது, மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்திருந்தோர் தொகை 1,50,000ஐத் தாண்டியது.

இந்தக் காலம் முழுவதும் யாராவது எம்மிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பெயர் என்ன, எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர், கணவன் எங்கே, மூத்த மகன் எங்கே? சோதனைச் சாவடியில் கேட்டார்கள். முகாமில் பதியும்போது கேட்டார்கள். நிவாரண அட்டைக்கும் கேட்டார்கள். ஓரிடத்தில் பதில் பிழைத்தால் தலையாட்டியின் முன் நிற்க வேண்டும். இன்னோரிடத்தில் பிழைத்தால் அரிசி கிடையாது. ஆகவே சுருக்கமாகப் பதில் சொல்லவும், தெரிந்ததையும் தெரியாது என்று சொல்லவும் பழகிக்கொண்டோம். அந்தப் பழக்கம் பல உயிர்களைக் காப்பாற்றியது.

உளநலக் கிளினிக்கிலும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்பார்கள். அதனால்தான் முதல் நாளிலேயே பலருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. ஆனால் இங்கே கேள்வியின் நோக்கம் வேறு. உங்கள் நோவு எங்கே இருக்கிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று அறிவதற்கே கேட்கிறார்கள். விரும்பாத கேள்விக்கு 'இதை இன்றைக்குச் சொல்ல ஏலாது' என்று சொல்லலாம். இடையில் நிறுத்தலாம். எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். 'இதை ஏன் கேட்கிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. சாவடியில் இந்த உரிமைகள் எவருக்கும் இருக்கவில்லை.

முதற் சந்திப்பு

முதல் நாளில் மற்ற நாட்களைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். நித்திரை எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, பயங்கரக் கனவு வருகிறதா, வேலையில் மனம் பற்றுகிறதா, கோபம் அடக்க முடியாமல் வருகிறதா, சாராயமோ கசிப்போ எவ்வளவு குடிக்கிறீர்கள், முன்பு ஏதும் வருத்தம் இருந்ததா என்று கேட்பார்கள். எம்மவர்களின் துக்கம் பெரும்பாலும் உடம்பின் வழியாகவே பேசும்: தலையிடி, நெஞ்செரிவு, உடம்பு உளைவு, கை கால் விறைப்பு, 'ஒரே யோசனை'. அப்படியே சொல்லுங்கள். டொக்டருக்குப் பிடிக்கும் என்று எண்ணிப் புதிய சொற்களைத் தேட வேண்டாம்.

இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், நான் சொல்லும் மூன்று பொருட்களைச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லுங்கள் என்றும் கேட்கக்கூடும். இது பள்ளிக்கூடச் சோதனை போலத் தோன்றினாலும் சித்தி, தவறு கிடையாது. கவனமும் ஞாபகமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வேறு வழியில் பார்ப்பார்கள்.

சில இடங்களில் அச்சடித்த கேள்விப் பத்திரம் தருவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பத்திரம் ஒன்றில் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய 20 கேள்விகள் உள்ளன. அதில் வரும் புள்ளி மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை. யாரோடு இன்னும் விரிவாகப் பேச வேண்டும் என்பதையே அது காட்டும். இரத்தமும் எடுக்கலாம். இரத்தச்சோகையும் தைரொயிட் குறைபாடும் மனச்சோர்வைப் போலவே ஆளைச் சோர வைக்கும் என்பதே காரணம்.

'செத்தால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா?' என்ற கேள்வியும் வரும். கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. ஏற்கெனவே இருப்பவருக்கு அதைச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டம் 1998இல் நீக்கப்பட்டது. ஆகவே பொலிசுக்கு அஞ்சி மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் அப்படிப் பேசினால், கிருமிநாசினிப் போத்தல்களை அன்றைக்கே வீட்டிலிருந்து அகற்றி வேறிடத்தில் பூட்டி வையுங்கள். கண நேரத் துயரில் கை நீளும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருப்பது உயிரைக் காக்கும்.

யாருக்குச் சொல்வார்கள்?

நீங்கள் சொல்வதை உளவளத்துணையாளர் உங்கள் குடும்பத்தாருக்கோ அயலாருக்கோ கிராம சேவையாளருக்கோ சொல்லக் கூடாது. இதற்குச் சில விலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து இருந்தால், அல்லது பிள்ளை ஒன்று துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால், காப்பாற்றுவதற்குத் தேவையானவர்களுக்குத் தெரிவிக்க வேண்டிவரும். 'நான் சொல்வது எங்கே எழுதப்படும், யார் வாசிப்பார்?' என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்கள், பெண் ஒருவரோடு பேச விரும்பினால் கேட்கலாம். டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்க்கத் தாதி ஒருவரையோ வேறு உத்தியோகத்தரையோ கேளுங்கள். உங்கள் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் துயரத்தைப் பிள்ளை தன் வாயால் சொல்ல நேர்ந்தால் அது பிள்ளைக்குச் சுமை. தாயும் முழுவதும் சொல்லமாட்டாள்.

நிவாரணத்துக்கோ காணிப் பிரச்சினைக்கோ இந்தச் சந்திப்பில் வழி பிறக்கும் என்று எண்ணிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். துயரத்தைக் கூட்டிச் சொன்னால் உதவி கூடும் என்பதுமில்லை. குறைத்துச் சொன்னால் மானம் காக்கப்படும் என்பதுமில்லை. உள்ளதைச் சொன்னால்தான் உரிய வழி தெரியும்.

சிகிச்சை என்றால் என்ன?

எல்லோருக்கும் குளிசை கொடுப்பதில்லை. பலருக்குப் பேச்சும் பயிற்சியுமே சிகிச்சை. மூச்சை மெதுவாக இழுத்து விடப் பழக்குவார்கள். ஒரு வேலையும் செய்ய மனமில்லாதவருக்கு, இன்றைக்கு ஒரு பாத்தி, நாளைக்கு ஒரு வரம்பு என்று சிறு வேலையைக் கொடுத்து உடம்பை அசைய வைப்பார்கள். மனம் தெளிந்த பின்தான் வேலை என்று காத்திருந்தால் மனம் தெளியாது. வேலையில் இறங்க இறங்கத்தான் தெளியும். ஆற்றைக் கடக்கவே அஞ்சுபவரோடு முதலில் அதைப்பற்றிப் பேசி, பிறகு துறைவரை நடந்து, பிறகு துணையோடு கடந்து, படிப்படியாகப் பயத்தைத் தணிப்பார்கள். சிலருக்கு, பிறந்ததிலிருந்து இன்றுவரை நடந்ததை நல்லதும் கெட்டதுமாக ஒழுங்கில் சொல்லவைத்து, துண்டு துண்டாகச் சிதறிய நினைவுகளைக் கோத்துக் கொடுப்பார்கள். இப்படிச் சொல்லும் நாட்களில் இரவில் கனவும் அழுகையும் சற்றுக் கூடலாம். அதைக் கண்டு விட்டுவிடாமல் அடுத்த முறை போய்ச் சொல்லுங்கள்.

வழி ஒன்றுதான் என்றும் இல்லை. யுத்தத்தாலும் 2004 டிசெம்பர் 26 கடல்கோளாலும் பாதிக்கப்பட்ட வடகிழக்குப் பிள்ளைகள் 31 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குக் கதை சொல்லும் சிகிச்சையும் மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு தடவைகள் வழங்கப்பட்டன. இரு பகுதியினரிலும் பெரும்பாலானோர் தேறினார்கள். மட்டக்களப்பிலேயே 1996இல் வணக்கத்துக்குரிய போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள். வாயால் சொல்ல முடியாததைச் சிறுவர் கையால் சொல்ல முடியும் என்பதை அந்தப் பூங்கா எமக்குக் காட்டியது.

குளிசை எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமைகள் ஆகும். முதற் கிழமையில் வாய் உலர்வும் குமட்டலும் வரலாம். சுகம் கண்டவுடன் தானாக நிறுத்தினால் வருத்தம் திரும்பும்; டொக்டர் சொல்லியபடி மெதுவாகவே குறைக்க வேண்டும். அரச ஆஸ்பத்திரியில் இவை இலவசம்.

காணாமற்போனோரின் குடும்பங்கள்

மகனையோ கணவனையோ தேடிக்கொண்டிருப்பவர்கள், 'அவர் இறந்துவிட்டார், ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி வருவதில்லை. நல்ல உளவளத்துணையாளர் அப்படிச் சொல்லமாட்டார். உடலும் இல்லை, செய்தியும் இல்லை; ஈமக்கடன் கழிக்கவும் முடியாது, காத்திருக்காமலும் இருக்க முடியாது. இந்தத் துயரம் நோயல்ல. தேடுதலை நிறுத்தாமலே மற்றப் பிள்ளைகளுக்கும் இடம் வைத்து எப்படி வாழ்வது என்பதையே அங்கு சேர்ந்து யோசிப்பார்கள்.

கோயிலுக்குப் போவதை விட வேண்டுமா?

வேண்டியதில்லை. அம்மன் கோயிற் சடங்கில் வாக்குக் கேட்டு அழுது ஆறிய தாய்மார் எமது ஊர்களில் ஏராளம். யுத்த காலத்தில் இங்கு தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கட்டாடியாரிடம் நூல் கட்டியிருந்தாலும், பள்ளிவாசலில் ஓதியிருந்தாலும், பரியாரியின் கசாயம் குடித்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். கசாயம் குளிசையோடு ஒத்துப்போகுமா என்பதை மட்டும் டொக்டர் பார்ப்பார். ஆளைக் கட்டி வைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது ஆகியவற்றை மட்டும் எவர் சொன்னாலும் செய்யவேண்டாம்.

எல்லோரும் போக வேண்டுமா?

இல்லை. இழப்புக்குப் பின் முதல் மாதத்தில் நித்திரை கெடுவதும் அழுவதும் திடுக்கிடுவதும் இயல்பு. அப்போது சொல்ல விரும்பாதவரை வற்புறுத்திச் சொல்லவைப்பது நன்மை தராது. கூரையும் உணவும் உறவும், விதைப்புக்கு வயலும் கிடைத்தால் பெரும்பாலோர் தாமாகவே தேறுவார்கள். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தமது நூலுக்கு 'மனவடு' என்று பெயரிட்டார். வடு என்பது காயம் ஆறியபின் இருப்பது. ஒரு மாதத்துக்கு மேலாகியும் காயம் ஆறாமல், வேலைக்குப் போக முடியாமல், பிள்ளைகளைப் பார்க்க முடியாமல் இருந்தால் அப்போது போக வேண்டும். சாவைப்பற்றிப் பேசினாலோ, இல்லாத குரல் கேட்டாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

அருகிலுள்ள அரச ஆஸ்பத்திரியில் முதலில் சொல்லலாம். தேவையானால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குத் துண்டு தருவார்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம். 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்துக்கும் பேசலாம். போகும்போது கிளினிக் கொப்பியையும் குடிக்கும் மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். நம்பிக்கையான ஒருவரைத் துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தனியே பேச விரும்பினால் அவரை வெளியே இருக்கச் சொல்லலாம். விதைப்பும் அறுவடையும் எப்போது என்று சொல்லி, வரக்கூடிய திகதியைக் கேட்டு வாங்குங்கள். முதல் நாளில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதில்லை. 'நித்திரை வருவதில்லை' என்ற ஒரு வசனம் போதும். மிச்சத்தை அடுத்த முறை சொல்லலாம்.