வீட்டிலோர் மோட்டார்ப் பட்டறை

1896-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் நாள் விடியுமுன், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஹென்றி போர்டு என்பார் தம் வாடகை வீட்டின் பின்புறத்துக் கொட்டிலில் தாமே அமைத்த முதல் மோட்டார் வண்டியை வெளியே கொணர முயன்றார். அப்பொழுது கொட்டிலின் வாயில் வண்டியினும் குறுகியிருக்கக் கண்டார். பகலெல்லாம் மின்சாரக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்து, இரவெல்லாம் கண்விழித்து, யந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பையும் நுணுக்கமாக அளந்து செய்தவர், வாயிலை மட்டும் அளக்க மறந்தனர். கோடரி கொண்டு செங்கற்சுவரை இடித்தே வண்டியைத் தெருவில் இறக்க நேர்ந்தது. பிற்காலத்தில் இலட்சக்கணக்கான வண்டிகளைச் செய்து உலகெங்கும் அனுப்பிய பெருந்தொழிலின் வித்து அக்கொட்டிலே.

அமெரிக்கா வரை செல்வானேன்? நம் தமிழ்நாட்டிலேயே கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) அவர்கள் சரித்திரம் இதனினும் சுவையுடையது. பள்ளிப்படிப்பு மிகுதியுமில்லாத அவர், ஒருகால் துரை ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆவல்கொண்டு, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அதனையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் முதலிற் செய்தது அதனை உறுப்பு உறுப்பாகக் கழற்றியதே. கழற்றியபின் மீண்டும் பூட்டினார், அஃது ஓடியது. 1920-இல் பஸ் ஒன்று வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டத் தொடங்கிய அவர், சில ஆண்டுகளில் யு.எம்.எஸ். என்னும் பெரிய பஸ் நிறுவனத்துக்கு அதிபரானார். கோயம்புத்தூரிலுள்ள ஜீடி கார்க் காட்சிச்சாலையைக் கண்ட நம் மாணவ நண்பர் சிலர், ஊர் திரும்பியதும் தாமும் வீட்டிலோர் பட்டறை அமைக்க விரும்பி, “என்னென்ன கருவிகள் வாங்கவேண்டும்?” என நம்மை வினவினர். அவர்க்கு விடையாகவே இக்கட்டுரை எழுதப்புகுந்தோம்.

கருவிகளைப் பற்றிப் பின்னர்ப் பேசுவாம். முதற்கண் கேட்கவேண்டிய வினா, “நாம் வண்டியின் அடியிற் படுத்திருக்கும்பொழுது அதனைத் தாங்கி நிற்பது யாது?” என்பதே. இவ்வினாவின் அருமை நமக்கு ஏட்டாற் புலப்பட்டதன்று, அநுபவத்தாற் புலப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைகாலத்தில், இராஜபாளையத்தில் ஒரு நண்பர் வீட்டின் பின்கட்டில், பழைய அம்பாசிடர் வண்டியொன்றன் பின்சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தோம். தரை வெறும் மண்தரை. ஜாக்கியின் அடியில் ஒரு பலகைத்துண்டும் வைத்தோமில்லை. கழற்றிய சக்கரத்தைச் சுவரோரமாக உருட்டப்போனபொழுது, திண்ணையில் அமர்ந்திருந்த வயோதிகர் ஒருவர், நெடுங்காலம் லாரி ஓட்டியவர், “தம்பி, அதை வண்டிக்கு அடியிலே படுக்கப் போடுங்க” என்றார். ஏன் என்று கேளாமலே அவ்வாறு செய்தோம். கால்மணி நேரங்கூடக் கழியவில்லை; ஜாக்கி ஒருபுறமாக மண்ணிற் புதைந்து சாய்ந்தது; வண்டி இறங்கியது. இறங்கிய வண்டி அந்தச் சக்கரத்தின்மேற் சென்று அமர்ந்தது. நம்முள் ஒருவர் தோள் அப்பொழுது வண்டியின் அடியில் இருந்தது. சக்கரத்தின் கனம் எவ்வளவோ, அவ்வளவு இடைவெளியே அவர் உயிர். அன்று மாலை எவரும் காப்பி அருந்தவுமில்லை, ஒருவரோடொருவர் பேசவுமில்லை.

ஆகவே, பட்டறைக்கு முதல் உபகரணம் தரை. அம்பாசிடர் வண்டி ஏறத்தாழ 14 அடி நீளமும் 5½ அடி அகலமும் உடையது. கதவுகளை முழுதும் திறக்கவும், முன்னும் பின்னும் ஆள் குனிந்து நிற்கவும், ஓரத்தில் மேசையிடவும் 20 அடி நீளமும் 14 அடி அகலமுமேனும் வேண்டும். வாயிலையும் அளந்துகொள்க; போர்டு பட்ட பாடு நாமும் படவேண்டுவதில்லை. தரைக்கு 4 அங்குலக் கனமுள்ள கான்கிரீட் குறைந்த அளவாம். தூண்களின்மேல் வண்டியைத் தூக்கும் லிப்ட் பொருத்தும் எண்ணமிருப்பின், அதனைச் செய்தவர் கூறும் கனத்தை முன்னரே கேட்டறிந்து ஊற்றவேண்டும். கரிசல் நிலமாயின் ஓர் எச்சரிக்கை: கரிசல் மழையிற் பருத்தும் வெயிலிற் சுருங்கியும் தன்மேல் இட்ட தரையைப் பிளக்கும். அம்மண்ணைத் தோண்டி அகற்றிச் சரளையிட்டு இறுகக் கெட்டித்த பின்னரே கான்கிரீட் இடுதல் தகும். நம் பக்கத்து வெயிலில் ஒரு வாரமேனும் தரை ஈரமாகவே இருக்கும்படி தண்ணீர் கட்டி வைக்கவேண்டும். கொத்தனார் மூன்றாம் நாளே போதுமென்பார், கேளாதொழிக.

இனித் தாங்குதல். ஜாக்கி என்பது தூக்குங் கருவியேயன்றித் தாங்குங் கருவியன்று. எண்ணெய் ஜாக்கியின் உள்ளே வண்டியின் பாரம் முழுவதையும் நிறுத்தி வைப்பது, எண்ணெயை வெளியேற விடாது தடுக்கும் சிறியதோர் ரப்பர் வளையமே. அவ்வளையத்தில் ஒரு மணற்றுகள் சிக்கினும் வண்டி மெல்ல இறங்கும். வளையம் கிழிந்தால் மெல்ல இறங்காது. தூக்கியவுடன், வண்டியின் சட்டத்தில் உறுதியான இடம் பார்த்து, 3 டன் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டை வைத்து, பாரத்தை அவற்றின்மேல் இறக்கி, வண்டியை ஒருமுறை கையால் ஆட்டிப் பார்த்தபின் படுக்கவேண்டும். செங்கல்லையும் சிமெண்டுக் கல்லையும் அடுக்கி வண்டியை நிறுத்துவாரை ஊர்தோறும் காண்கின்றோம். இரும்பு வளைந்து எச்சரிக்கும். கல்லோ எச்சரியாமலே நொறுங்கும்.

தூக்காத சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தலும் இன்றியமையாதது. கைப்பிரேக்கு இருக்கின்றதே என்பார்க்கு ஒரு சொல்: அம்பாசிடர் முதலிய வண்டிகளிற் கைப்பிரேக்கு பின்சக்கரங்களையே பிடிக்கும். பின்புறத்தைத் தூக்கியபின் அஃது அந்தரத்திலுள்ள சக்கரத்தைப் பிடித்து யாது பயன்? இதனை ஸ்ரீவில்லிபுத்தூரார்க்கு நாம் எடுத்துக் கூறவேண்டுவதில்லை. ஆடிப்பூரத் தேரோட்டத்தில் வடம் பிடிப்போர் ஆயிரவராயினும், உருளும் சக்கரத்தின்முன் முட்டுக்கட்டையிட்டுத் தேரைத் திருப்பியும் நிறுத்தியும் காப்போர் சிலரே. அவ்வூர் மக்கள் கண்டு பழகிய அக்கட்டையே பட்டறைக்கும் வேண்டுவது. சக்கரத்தின் உயரத்தில் ஏறத்தாழக் காற்பங்கு உயரமுடையதாய், நல்ல வயிரமுள்ள மரத்திற் செய்வித்தல் நன்று.

குழி வெட்டி அதன்மேல் வண்டியை நிறுத்துவது நன்றன்றோ எனச் சிலர் கேட்பர். வீட்டிற்கு அது வேண்டாம் என்பது நம் கருத்து. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமுடையதாகலின் தண்ணீரைப்போற் பள்ளம் நாடித் தேங்கும். ஒரு சிறு தீப்பொறி போதும். அதனினும் கொடியது எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தின் செந்நிறப் பொருள் ஆக்ஸிஜனைப் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக அதனைப் பற்றிக்கொள்ளும். சுவாசிக்கும் காற்றில் ஆயிரத்தில் மூன்று பங்கு கலந்தாலே அரைமணி நேரத்தில் உயிர் போகக்கூடும். பழைய கார்புரேட்டர் வண்டியின் புகையிலோ அது நூற்றுக்குச் சில பங்கு உண்டு. தலைவலியும் மயக்கமும் வெயிலால் வந்தனவென எண்ணி ஒருவன் அவ்விடத்தே அமர்ந்துவிடுவான்; பின்னர் எழான். கதவடைத்த அறையில் எஞ்சினை ஒரு நிமிஷமும் ஓட்டலாகாது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வீசுங் காற்று நமக்குக் கிடைத்த பாக்கியம். எதிரெதிரே இரு பெரிய சாளரங்கள் வைத்து அதனைப் பயன்கொள்க.

மின்சாரம் பற்றிச் சுருங்கக் கூறுவாம். பிளக்குகள் தரையினின்று மூன்று நான்கு அடி உயரத்தில் இருக்கட்டும். காரணம் முன்னே சொன்ன ஆவியே. நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். கையிற் பிடிக்கும் விளக்கு எல்.இ.டி. ஆகுக, பழைய கண்ணாடிப் பல்பு பெட்ரோற் சொட்டுப் பட்டு உடைந்தால் அதுவே கொள்ளிக்கட்டை.

நிற்க. இப்பொழுது கருவிகளுக்கு வருவாம். கடைக்குச் சென்று நூறு உருப்படி கொண்ட பெட்டியை வாங்கி வருவோர், அவற்றில் எண்பதைத் தொடுவதேயில்லை. தம் வண்டியின் மரை எவ்வகையது என முதலில் அறிதல் வேண்டும். அம்பாசிடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் ஆங்கில நாட்டு மரபினது; அதன் நட்டுகள் அங்குல அளவின. இத்தாலிய மரபில் வந்த பிரீமியர் பத்மினியோ மில்லிமீட்டர் அளவினது. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதன்மேல் 13 மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டினால் பொருந்துவதுபோலவே தோன்றும். பலங்கொண்டு திருப்பியவுடன் நட்டின் மூலைகள் மழுங்கிப்போம். பின்னர் உளியும் சுத்தியலுமே கதி. ஒரே வண்டியில் இருவகையும் கலந்திருத்தலும் உண்டு; ஏனெனில் 1992 முதல் சில அம்பாசிடர்களுக்கு ஜப்பானிய இசுஸு மரபின் எஞ்சினைப் பொருத்தினர். ஆதலால் இரண்டிரண்டாக வேண்டும் ஸ்பானர்களை மட்டும், ஆனால் நல்ல எஃகில், ஒவ்வொன்றாகச் சேர்த்தலே சிக்கனம்.

இவற்றோடு திருப்புளி, அரம், குறடு, சுத்தியல் ஆகியனவும், முழங்கை உயரத்தில் கனத்த மரமேசையும், அதன்மேல் 5 அங்குல வைஸும் உளவாயின் பெரும்பாலான வேலை நடைபெறும். இளைஞர் அசட்டை செய்வன அளக்குங் கருவிகளே. வெர்னியர், பீலர் கேஜ், மின்சாரம் பார்க்கும் மீட்டர், டார்க் ரெஞ்சு என்னும் நான்கனுள் இறுதியது மிக முக்கியம். நட்டை எவ்வளவு முறுக்குவது என்பதைக் கையின் உணர்ச்சிக்கு விடுவோமாயின், வலியவன் அறுப்பான், மெலியவன் தளர விடுவான். சிலிண்டர் தலையின் போல்ட்டுகளைச் சீராக, உரிய வரிசையில் முறுக்காவிடில் தலை கோணித் தண்ணீரும் எண்ணெயும் ஒன்றாகும்.

கழற்றிய சிறு உறுப்புகளை இடம்வாரியாகப் பிரித்துச் சீட்டெழுதி வைக்கவேண்டும். இதற்கு விலையுயர்ந்த பெட்டிகள் வேண்டா. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தூரத்திலிருந்துகொண்டு பால்கோவா டப்பாவுக்குப் பஞ்சமென்பார் யார்? கைப்பேசியில் ஒவ்வொரு படியையும் படமெடுத்துக்கொள்வது, நாயுடு அவர்கள் காலத்தில் இல்லாத வசதி.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யவேண்டுமென்னும் பிடிவாதமும் தகாது. சிலிண்டரைக் கடைதல், கிராங்கைத் தேய்த்தல், வெல்டிங் போன்றவற்றை லேத்துப் பட்டறைக்கே அனுப்புக. பஞ்சாலைகள் நிறைந்த ஊரில் நல்ல கைத்திறனுடையாரைத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. துடைக்கக் கழிவுப் பஞ்சும் எளிதிற் கிடைக்கும். எண்ணெய் தோய்ந்த பஞ்சை மூடியுள்ள இரும்புத் தொட்டியிலன்றி மூலையிற் குவித்தலாகாது. பஞ்சும் நெருப்பும் அடுத்திருந்தால் யாதாம் என்பது ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தெரியும். தீயணைப்புக் குப்பியும் முதலுதவிப் பெட்டியும் கதவருகே இருக்கட்டும். காயத்துக்குரிய கட்டுத்துணியை இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலேயே நெய்கின்றனர். அது நம் பெட்டியில் இல்லாதிருத்தல் வெட்கமாம்.

இராஜபாளையத்தார்க்கு மட்டும் தனியே ஒன்று கூறவேண்டும். ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டில் எதிலீன் கிளைகால் என்னும் நஞ்சு பெரும்பாலும் உண்டு, அது தித்திப்பானது. தரையிற் சிந்தியதை நாய் நக்கிவிடும். சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட அவ்வெண்ணிறக் காவல்நாயை இவ்வாறு இழப்பது எத்துணைப் பரிதாபம்! சிந்தியதை அக்கணமே கழுவித் துடைத்து, குப்பியை எட்டா உயரத்தில் வைக்க. பழைய எஞ்சின் எண்ணெயைக் கண்மாயிலும் வாய்க்காலிலும் கொட்டுவதும் இவ்வகைப் பாவமே. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அஃது அபாயக் கழிவு. டின்னிற் சேர்த்து, அதனைப் பெற அனுமதியுடையாரிடம் ஒப்புவித்தல் வேண்டும்.

சட்டமும் ஒன்று உண்டு. பழுதுபார்த்தல் வேறு, மாற்றியமைத்தல் வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைச் செய்தவர் குறித்த அமைப்பினின்று மாற்றுவதைத் தடுக்கின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பழமை குன்றாது காப்பார்க்கு 2021-இல் தனிப் பதிவு விதிகள் வந்துள்ளன. ஆர்வத்தால் எஞ்சினை மாற்றிவிட்டுப் பின்னர் ஆர்.டி.ஓ. அலுவலக வாயிலில் நிற்பதைவிட, முன்னரே சென்று கேட்டல் நலம்.

முன்னே சொன்ன அம்பாசிடர் இப்பொழுது ஓடுகின்றது. நண்பர் வீட்டுப் பின்கட்டில் மண்தரை மறைந்து கான்கிரீட் வந்துவிட்டது. நான்கு ஸ்டாண்டுகளும் வந்தன. கழற்றிய சக்கரத்தை அடியிற் படுக்கவைக்கும் வழக்கத்தை மட்டும் ஸ்டாண்டு வந்தபின்னும் நாம் விட்டோமில்லை. சென்ற மாதம் அவ்வண்டியிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று வந்தோம். கார்புரேட்டரிற் சிறிய கசிவு ஒன்று உளது. வரும் ஞாயிறன்று அதனைக் கழற்றிப் பார்ப்பதாக இருக்கின்றோம்.