ஊசி முனையும் உறைந்த திசுவும்

குழந்தைக்குக் காதடி வீங்கினால் ‘பொன்னுக்கு வீங்கி’ என்று சொல்லித் தங்கச் சங்கிலி அணிவிப்பது நம் ஊர் வழக்கம். அது வைரஸ் நோய். சில நாட்களில் தானே வடிந்துவிடும். அதே இடத்தில் வலியின்றி, மாதக்கணக்கில் மெல்ல வளரும் கட்டியோ வேறு. பாடாலூரிலிருந்து பேருந்தேறித் திருச்சி அரசு மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவர், “வெட்டி எடுத்துவிட வேண்டியதுதானே, சோதனை எதற்கு?” என்று கேட்பது இயல்பே.

விடை சுரப்பியின் அமைப்பில் இருக்கிறது. காதின் முன்னும் கீழும் உள்ளதே நம் உமிழ்நீர்ச் சுரப்பிகளுள் பெரியது. அதனூடே முகநரம்பு ஐந்து கிளைகளாகப் பிரிந்து செல்கிறது. கண்ணை மூடுவதும் புன்னகைப்பதும் இந்நரம்பால்தான். இது அறுபட்டால் முகம் கோணிவிடும். இச்சுரப்பியில் தோன்றும் கட்டிகளுள் ஏறத்தாழ 80 விழுக்காடு புற்றுநோய் அல்ல. கட்டி எவ்வகை என்று தெரிந்தால்தான் எவ்வளவு அகற்றுவது என்று முடிவு செய்யலாம்.

அறுவைக்கு முன்

கட்டியைக் கீறித் துண்டெடுத்துப் பார்ப்பதை மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். சாதாரணக் கட்டியானாலும், உறை கிழிந்து செல்கள் சிதறினால் பல ஆண்டுகளுக்குப் பின்னும் முடிச்சு முடிச்சாக மீண்டும் வளரக்கூடும். எனவே மெல்லிய ஊசியால் சில செல்களை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். 2018இல் வெளியான மிலான் முறை இம்முடிவுகளை 6 வகைகளாகப் பிரிக்கிறது.

ஆனால், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கு எப்போதும் பொருந்தாது. கட்டி தன் உறையைத் துளைத்துப் பரவியுள்ளதா என்பதை உதிரிச் செல்கள் காட்டமாட்டா.

அறுவையின்போது

ஐயம் நீடித்தால், நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே மற்றொரு சோதனை உண்டு. எடுத்த திசுவைச் சுமார் −20 டிகிரி செல்சியசில் உறையவைத்து, மெல்லிய தகடாகச் சீவி, சாயமேற்றிப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 1905இல் லூயிஸ் வில்சன் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். ஏறத்தாழ 20 நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

இதற்கும் எல்லை உண்டு. உறையும் நீர் பனிப்படிகமாகித் திசுவின் வடிவைக் குலைக்கும். ஆகவே இவ்விடையை மட்டும் நம்பி, நன்றாக இயங்கும் முகநரம்பை வெட்டிவிடுவதில்லை. திசுவை மெழுகில் பதித்து நிதானமாக ஆராய்வதே இறுதித் தீர்ப்பு. அதற்குச் சில நாட்கள் ஆகும்.

காதடிக் கட்டிக்குப் பற்றுப் போட்டும் சூடு வைத்தும் காலம் கடத்த வேண்டாம். கட்டி விரைவாக வளர்ந்தாலோ, வலித்தாலோ, வாய் ஒருபுறம் கோணினாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். முன்கூட்டியே செய்யும் ஊசிச் சோதனை முகத்தையும் உயிரையும் காக்க வழிகாட்டும்.